ஆட்டுக்குத் தண்ணி வைக்க ஒராள்

பிள்ளைகளின் வாப்பாவுக்கு,

ஸலாம். நீங்கள் கட்டாரிலிருந்து வந்து இந்தக் கதவைத் திறக்கும்போது நாங்கள் ஆலங்குடாக் கடற்கரையில் கூடாரம் அடித்திருப்போம். பிறகு மன்னார், யாழ்ப்பாணம், திருகோணமலை. வேனை நான்தான் ஓட்டுகிறேன். பழகியதை உங்களுக்குச் சொல்லவில்லை.

போன லீவில் உங்களோடு பிறந்த ராத்தாவின் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, "வேன்ல இடமில்ல. ஆட்டுக்குத் தண்ணி வைக்க ஒராள் வேணுமே, நீ நில்லு" என்றீர்கள். பிள்ளைகள் அழுதுகொண்டு போனார்கள். நான் சிரித்துக்கொண்டு கையசைத்தேன்.

இன்று மகள், "வாப்பா வரல்லயா?" என்று கேட்டாள். முன் இருக்கையில் என் உம்மா ஏறியிருந்தா. "இடமில்ல மகள்" என்றேன்.

நீங்கள் திரும்பப் போகிற அன்று வழியனுப்ப வந்துவிடுவோம். ஆடு குட்டி போட்டிருக்கிறது. அதை விட்டுவிட்டு எங்கேயும் போகாதீர்கள்.

போன லீவில் வீட்டில் நின்றவள்