பத்திக்கு முன்னால் விட்ட இடம்

செவ்வாய், கழக்கூட்டம்.

பேசாமல் இருந்தது போதும். பதினாறு வருடமாக இந்த மலையாள ஊரில் எங்கள் ஆபீஸ் கையேடுகளை நான்தான் எழுதுகிறேன். ஒவ்வொரு பத்தியையும் சற்று உள்ளே தள்ளித்தான் தொடங்குவேன். புது மேனேஜர் அனூப் எல்லாவற்றையும் ஓரத்தோடு ஒட்டவைத்து, என் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டான். இன்று மீட்டிங்கில் கேட்டான்: "சாரே, பத்திக்கு முன்னால ஆருக்கு சீட் பிடிச்சு வச்சிருக்கீங்க?" எல்லாரும் சிரித்தார்கள். மதியம் கேன்டீனில் என் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

அனூப்பைப் பற்றி டைரக்டருக்குக் கடிதம் அடித்துவிட்டேன். பெயர் போட்டால் வேலை போகும். போடாவிட்டாலும் பத்திகளைப் பார்த்ததுமே நான்தான் என்று தெரிந்துவிடும். எல்லாவற்றையும் ஓரத்துக்கு இழுத்துப் பார்த்தேன். அனூப் எழுதியதுபோல் இருந்தது. மறுபடி உள்ளே தள்ளினேன்.

காலையில் தபாலில் போடுவேன். கையெழுத்து மட்டும் வேண்டாம்.