டப்பாவோடு வந்த கூட்டம்

அன்புச் செல்லத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சௌக்கியம், என் தொண்டை மட்டும் கட்டிப்போயிருக்கிறது, காரணம் பின்னால் வருகிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அதை முதலில் எழுது, மற்றதெல்லாம் அப்புறம்.

இங்கே படிக்கும்போது நீ ஆரம்பித்துவைத்து, போகும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போனாயே, நான் பாடம் எடுக்கும் கல்லூரியில் மதிய இடைவேளைப் பேச்சு, அதை இழுத்து மூடப் பார்த்தார்கள். போன தடவை காற்று மாசு பற்றிப் பேச வந்தவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தது நானும் அப்பாவும்தான். முதல்வர் என்னைக் கூப்பிட்டு, "மேடம், இந்தப் புதன்கிழமையும் ஆள் வரலேன்னா ஹாலை டேபிள் டென்னிஸுக்குக் குடுத்துடுவேன்" என்றார். எனக்கு வந்ததே கோபம்! ஹாலுக்குள் சாப்பாடு கூடாதென்று பலகை மாட்டியதே அவர்தானே? பசி நேரத்தில் சோற்றை விட்டுவிட்டுப் பேச்சுக்கு யார் வருவார்கள்? ஒரே ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவை உள்ளே விடுங்கள், ஒரு பருக்கை சிந்தினாலும் நானே துடைக்கிறேன் என்றேன். "துடைப்பத்தோட வாங்க" என்று சிரித்தார், சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பின்பக்கத்துக் குளம் ஞாபகமிருக்கிறதா? அதில் குப்பை கொட்டுவது யார் என்று பழைய விடுதிக்கும் புது விடுதிக்கும் ஒரே சண்டை, கைகலப்பு வரைக்கும் போய்விட்டது. முகம் கொடுத்துப் பேசாத அந்த இரண்டு வார்டன்களையும் ஒரே மேடையில் ஏற்றினேன், ஆளுக்கொரு டப்பாவோடு. ஐயோ, கூட்டத்தைப் பார்க்கணுமே நீ! உள்ளே தள்ளி உட்காருங்க, தள்ளி உட்காருங்க என்று கத்திக் கத்தித்தான் தொண்டை போயிற்று. டேபிள் டென்னிஸ் பிள்ளைகள்கூட மட்டையோடு வந்து உட்கார்ந்தார்கள். மேடையில் ஒருவர் பேசும்போது மற்றவர் வாய் நிறையச் சோறு, குறுக்கே பாய வழியில்லை, கேட்டே ஆகவேண்டும். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் பழைய விடுதிக்காரர், "எங்க பசங்களும் கொட்டறாங்கதான்" என்று வாயைத் திறந்தார், புது விடுதிக்கார அம்மா, "எங்க பொண்ணுங்க மட்டும் என்னவாம்" என்றார். ஹாலே கைதட்டியது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு விடுதியும் சேர்ந்து குப்பை அள்ளக் குளத்தில் இறங்குகிறது. நாம் ஜெயித்துவிட்டோம்டி!

உடம்பைப் பார்த்துக்கொள், குளிரில் தலைக்குக் கட்டாமல் வெளியே போகாதே. லீவில் வரும்போது ஒரு புதன்கிழமை உன் பேச்சுதான், இப்போதே சொல்லிவிட்டேன். நன்றாக இரு, நினைத்தது எல்லாம் நடக்கட்டும். சொல்ல மறந்தேனே, முதல்வர் தாமதமாக வந்தார், உட்கார இடமில்லை. கடைசிவரை அந்தப் பலகைக்குக் கீழேயே நின்றுகொண்டு தன் டப்பாவைக் காலி செய்தார்.

குரல் போனாலும் வாய் ஓயாத,
உன் அம்மா