காதுக்குப் பின்னால் ஒரு தழும்பு

இல்ஃபோர்ட்
கார்த்திகை, செவ்வாய்க்கிழமை

என் அன்பு மகள் மரினாவுக்கு அம்மா எழுதுவது,

மாதாவின் தயவில் அப்பாவும் நானும் எழும்பி நடமாடுகிறோம். நீயும் அந்தத் திரினிடாட் வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குப் படுத்து, சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன். நேற்றும் வாட்ஸ்அப்பில் கதைத்துவிட்டு இன்றைக்கு என்ன கடிதம் என்று யோசிப்பாய். நேற்றுக் கதைத்தது பக்கத்தில் ஆள் இருக்கக் கதைத்த கதை. மழையா, வெயிலா, என்ன சமைத்தாய் என்று கேட்டேனே தவிர வேறொன்றும் கேட்கவில்லை, கவனித்திருப்பாய். வீட்டுச் சுவர் மெல்லியது, போனும் இப்போது நான் வைத்த இடத்தில் இருப்பதில்லை. அதனால் பள்ளிக்கூடக் குசினி வேலை முடிந்ததும் நேரே லைப்ரரிக்கு வந்து, பின்பக்க மேசையில் இருந்து எழுதுகிறேன். இன்றைக்குக் கோழி பொரித்த நாள், கையெல்லாம் எண்ணெய் மணக்கிறது, தாளிலும் மணந்தால் பொறுத்துக்கொள். உன்னுடையது சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்துத் தமிழ் என்பதால் எழுத்தைப் பிரித்துப் பிரித்து எழுதுகிறேன். அவசரப்படாமல் வாசி.

முதலில் உனக்குத் தெரியாததைச் சொல்லிவிடுகிறேன். வன்னியில் கடைசிச் சண்டையோடு காணாமல் போன அப்பாவின் தம்பி எமில் பாரிஸில் உயிரோடு இருக்கிறார் என்று அப்பா உனக்குப் புரட்டாதியில் போனில் அழுது அழுது சொன்னார் அல்லவா. அந்த மனிதர் இப்போது பாரிஸில் இல்லை. எங்கள் வீட்டில், உன்னுடைய அறையில் இருக்கிறார். வந்து மூன்று கிழமையாகிறது. நத்தார்ப் பண்டிகைக்கு நீ வந்து கதவைத் திறக்கும்போது கண்டு திகைக்கவேண்டுமாம், அதுவரைக்கும் மூச்சு விடக்கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கினார். சத்தியத்தை முறிக்கிறேன், பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் சொல்லிக்கொள்ளலாம். எப்படி வந்தார் என்று நீ கேட்பாய். நான் கேட்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்த எங்கள் ஆட்கள் ஒருவரும் இன்னொருவரிடம் அதைக் கேட்பதில்லை. தடுப்புக் காம்பில் என்ன நடந்தது, யார் அடித்தது, யாரோடு இருந்தாய் என்றும் கேட்பதில்லை. அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம். அது நல்ல மரியாதைதான், அதனால் எத்தனையோ பேர் நிம்மதியாக ஒரு பிடி சோறு சாப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் பிள்ளை, அந்த மரியாதைக்குள்ளே ஒரு ஆள் முழுசாக ஒளிந்துகொள்ளலாம் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. நான் ஏதாவது கேட்டால், அதுகளைக் கிளறாதேங்கோ அண்ணி என்று தலையைக் குனிந்துகொள்வார். அப்பா என்னை முறைப்பார். நான் தேத்தண்ணி போட எழும்பிவிடுவேன்.

ஆளில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவுகிறார், பூசைக்கு வருகிறார், அப்பாவுக்கு நேரத்துக்கு மருந்துக் குளிசை எடுத்துக் கொடுக்கிறார், அதட்டி ஒரு சொல் கதைக்கிறதில்லை. ஆனால் எங்கள் படியில் சத்தம் போடுகிற பலகையை வந்த முதல்நாளே தாண்டிக் கால் வைத்தார். நான் அலுமாரியைத் திறந்து திரும்பினால் பின்னால் நிற்பார், வந்த சத்தம் கேட்காது. பயந்திட்டீங்களோ அண்ணி என்று சிரிப்பார். இதை அப்பாவிடம் சொன்னால், காட்டுக்குள்ள கிடந்த பிள்ளை அப்பிடித்தான் நடக்கும் என்கிறார். அப்பாவின் கண்ணுக்கு அது இன்னும் பிள்ளை. அப்பா ஊரைவிட்டு வெளிக்கிடும்போது எமிலுக்குப் பதினொரு வயது. இருந்த ஒன்றிரண்டு படமும் இடப்பெயர்வில் போய்விட்டது. அப்பாவைப் பெற்ற மாமா மாமி இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில் கொஞ்சத் தரம் போனில் கதைத்த குரல், அதே குரல்தான் என்று அப்பா சொல்கிறார், இரைச்சலுக்குள்ளே கேட்ட குரலை இத்தனை வருடம் கழித்து யார் சொல்லமுடியும். நான் எமிலைக் கண்டதே இல்லை, அப்பாவைக் கட்டினதே லண்டனில். ஆகவே எங்கள் வீட்டில் எமில் என்றால் ஒரு முகம் இல்லை. ஒரு கதைதான்.

அந்தக் கதையைத்தான் நீ ஆவணியில் உன் யூனிவர்சிற்றி மேடையில் சொன்னாய். அங்குள்ள கரீபியன் தீவுகளின் நாவல்களைப் பற்றிப் பேசினாயே, கப்பலில் கொண்டுபோய்த் தோட்டங்களில் இறக்கப்பட்ட சனங்களின் பேரப்பிள்ளைகள் எழுதினவை, ஒரு வீட்டில் நாலு பேர் ஒரே சாவை நாலு விதமாகச் சொல்வார்கள், எது நடந்தது என்று எழுதினவரே கடைசிவரைக்கும் சொல்லமாட்டார் என்று. அப்பா அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார், விளங்கினது பாதி, பெருமை முழுசு. சொந்தக்காரரின் வாட்ஸ்அப் குறூப் ஒன்று விடாமல் அனுப்பினார். அதில் நீ, எங்கள் வீட்டிலும் அம்மா சொல்லுகிற கதை ஒன்று உண்டு என்று தொடங்கினாய். கோயில் பெருநாளன்று ஏழு வயது எமில் மாதாவின் சுருபத்தை வைத்துத் தூக்குகிற கூட்டின் அடித்தட்டுக்குள் ஒளித்திருந்து அப்படியே நித்திரையாகிப்போனது, தூக்கிக்கொண்டு போனவர்கள் இந்த வருசம் மாதா பாரமாய் இருக்கிறா என்று சொன்னது, ஊர் முழுக்கப் பொடியனைத் தேடினது. இவ்வளவும் அப்பா எனக்குச் சொன்னது. மேலேயிருந்து மெழுகுதிரி உருகிக் காதுக்குப் பின்னால் விழுந்து ஐந்து பென்ஸ் அளவுக்குத் தழும்பு என்று முடித்தாயே, அது அப்பா சொன்னது இல்லை. நான் வைத்தது. நாலு வயதில் நீ மெழுகுதிரியைக் கண்டால் கையை நீட்டுவாய், அதை நிறுத்தத்தான் எமிலின் காதில் ஒரு சூடு வைத்தேன். எவ்வளவு பெரிசு, எவ்வளவு பெரிசு என்று நீ விடாமல் கேட்க, மேசையில் கிடந்த சில்லறையைக் காட்டினேன். அல்லாவிட்டால் யாழ்ப்பாணத்தில் ஏது ஐந்து பென்ஸ்.

உன் பேச்சு குறூப்புகளில் போய் இரண்டு கிழமையால் பாரிஸிலிருந்து மெசேஜ் வந்தது. முதல்தரம் வீடியோவில் வந்தபோது அப்பா கேட்கவே இல்லை, அவராகவே முகத்தைத் திருப்பிக் காதை மடக்கிக் காட்டினார். அஞ்சு பென்ஸ் அளவு, பாருங்கோ அண்ணை என்றார். இருந்தது பிள்ளை. வட்டமாக, வெளிறி, வருடக்கணக்காகக் காய்ந்த தழும்பு. இல்ஃபோர்ட் குசினியில் நின்று நான் வாயால் உண்டாக்கின தழும்பு ஒரு மனிதனின் தோலில் இருந்தது. அப்பா, காணும் காணும், போதும் என்று போனைக் கவிட்டு வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்தேன். அடுத்த நாள் அவருக்குப் பக்கத்தில் இருந்து மெதுவாகச் சொன்னேன், அது நான் பிள்ளையை வெருட்டச் சொன்ன கட்டுக்கதை என்று. அப்பா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. உமக்கு என்ன தெரியும், நான்தான் தேங்காயெண்ணெய் பூசினனான் என்றார். முப்பது வருடத்தில் ஒருநாளும் இந்தத் தேங்காயெண்ணெய் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. இப்போது ஒவ்வொரு நாளும் வருகிறது. போத்தல் எந்தத் தட்டில் இருந்தது, பொடியன் எப்படிக் குளறினான், அம்மாவுக்குச் சொல்லாதே என்று எப்படி அவனுடைய வாயைப் பொத்தினார் என்று, சொல்லச் சொல்லக் கதை வளருகிறது. அவர் சொல்லும்போது அந்த மனிதர் அப்பாவையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இதில் என் தலையும் கலங்கிப்போச்சு. கட்டின புதிதில் அப்பா எப்போதாவது வாய்தவறி ஏதாவது சொல்லி, அது என் மனதின் மூலையில் கிடந்து, உனக்குச் சொல்லும்போது என் சொந்தச் சரக்கு மாதிரி வெளியே வந்ததோ என்றும் யோசிக்கிறேன். சத்தியமாகத் தெரியவில்லை. குடும்பக் கதையில் எந்த இடம் பிழையோ அந்த இடத்தில் சொன்னவரின் கைரேகை இருக்கும் என்று நீ அன்றைக்குச் சொன்னாய். அந்தத் தழும்பு என்னுடைய கைரேகை என்றால், இந்த மனிதர் எமில் இல்லை. உன் பேச்சைக் கேட்டுவிட்டுத் தன் காதைச் சுட்டுக்கொண்ட ஒருவர், அல்லது ஏற்கெனவே சூடு இருந்த ஒருவர். டிஎன்ஏ ரெஸ்ற் ஒன்று எடுத்துப் பார்ப்போம் என்று ஒருதரம் வாய் திறந்தேன். என்ர தம்பியின்ர ரத்தத்தையோ சந்தேகிக்கிறீர் என்று அப்பா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. நெஞ்சு அடைப்புக்கு ஸ்ரென்ற் வைத்த மனிதர், அதற்குமேல் நான் கதைக்கவில்லை. பயத்தில்தான் கதைக்கவில்லை, உனக்கு மறைக்க என்ன இருக்கிறது.

மார்கழி முதல் வெள்ளிக்கிழமை, இந்த மனிதரின் விசா அலுவலாக அப்பா லோயரிடம் போகிறார். இவர் என் கூடப்பிறந்த தம்பி எமில் என்று சத்தியம் செய்து கையெழுத்து வைக்கப்போகிறார். அதோடு, ஊரில் காணாமல் போனவர்களின் பதிவில் தான் கொடுத்து வைத்த எமிலின் பெயரையும், ஆள் கிடைத்துவிட்டார் என்று எடுப்பிக்கப்போகிறார். இதுதான் என் வயிற்றெரிச்சல். இவர் எமில் என்றால் நல்லது, அவரின் காலடியில் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்பேன். இல்லை என்றால், உண்மையான எமிலைத் தேட இந்த உலகத்தில் மிஞ்சியிருக்கிற ஒரே ஆள் அப்பாதான், அவரும் அன்றோடு நிறுத்திவிடுவார். அந்தப் பிள்ளை எங்கேயாவது ஒரு மறியலில் கம்பிக்குப் பின்னால் இருந்தாலும் சரி, ஏதாவதொரு குழிக்குள் கிடந்தாலும் சரி, அது யார் என்று கேட்க ஒருவரும் இருக்கமாட்டார்கள். இறந்தவர்களின் திருநாளுக்கு எமிலின் பெயரைக் கொடுக்க அப்பா ஒருவருடமும் சம்மதித்ததில்லை, தொலைந்ததைத் தேடித் தருகிறவர் என்று அந்தோனியாருக்குத்தான் பூசை ஒப்புக்கொடுப்பார். இந்த முறை நன்றிப் பூசை கொடுத்தார். நானும் பக்கத்தில் நின்று ஆமென் சொன்னேன்.

அதனால் நீ எனக்கு ஒரு உதவி செய். அந்தத் தழும்பை உனக்கு முதன்முதல் சொன்னது யார்? நானா, அப்பாவா? நான் சொல்லும்போது அப்பா வீட்டில் இருந்தாரா, ஏதாவது சொன்னாரா, எழும்பிப் போனாரா? நீ சின்னப்பிள்ளை, ஆனால் சின்னப்பிள்ளைகள் இப்படியானதுகளைத்தான் பிடித்து வைத்திருக்கும். ஞாபகம் இல்லாவிட்டால் இல்லை என்று சொல், எனக்காக ஒன்றும் உண்டாக்காதே. கிடைத்தவுடன் வேலைநாளில் எனக்கு மத்தியானமாக இருக்கும்போது பள்ளிக்கூடக் குசினி நம்பருக்கு எடு, வீட்டுக்கு எடுக்காதே. இன்னொன்று, அவர் உன்னைப் பற்றிக் கேட்கிறார். வேறு சொந்தக்காரர் ஒருவரைப் பற்றியும் கேட்பதில்லை. மரினாவுக்கு அந்தக் கதையில வேற என்ன ஞாபகம் இருக்காம் என்று இரண்டுதரம் கேட்டுவிட்டார். இனி எங்கள் வீட்டுக் கதைகளை மேடையில் சொல்லாதே மகள். உன்னுடைய அந்தத் தீவுப் புத்தகங்களை வாசிக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள், மூடி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கலாம். எங்கள் கதை படியிறங்கி வந்து காலைச் சாப்பாட்டுக்கு எதிரில் இருக்கிறது. உனக்கு மூக்கடைப்பு வந்தால் கொத்தமல்லி அவித்துக் குடி, கடையில் விற்கிற குளிசைகளை

பிள்ளை, அவர் லைப்ரரி வாசலில் நிற்கிறார். நான் இங்கே வருவதாக ஒருவருக்கும் சொல்லவில்லை. இந்தத் தாள்களை உறைக்குள் வைக்கிறேன். அடுத்த தாள் அவர் பார்க்க எழுதுவது.

அன்பு மகள் மரினாவுக்கு,

இங்கு நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். உன் சுகத்துக்கும் மன்றாடுகிறோம். உனக்கு ஒரு சந்தோஷமான செய்தி, உன் சித்தப்பா லண்டனுக்கு வந்து எங்களோடுதான் இருக்கிறார். நத்தாருக்குச் சொல்லலாம் என்று இருந்தோம், பிள்ளைக்கு இப்பவே எழுதுங்கோ அண்ணி என்று அவரே சொல்லிவிட்டார். வெளியே நல்ல மழை, நான் நனையக்கூடாது என்று குடையோடு தேடி வந்து எதிரில் இருக்கிறார். உன்னைச் சுகம் கேட்டதாக எழுதச் சொல்கிறார். நீ வரும்போது எயார்போட்டுக்கு வேறு ஒருவரும் வரத் தேவையில்லையாம், தானே வந்து கூட்டி வருவாராம். முதல் வெள்ளிக்கிழமை அப்பாவோடு நானும் வந்து கையெழுத்து வைத்தால் நல்லதாம், இரண்டு பேர் சொன்னால் பலமாம். வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வேறு விசேஷம் இல்லை. பேக்கரிப் பாணைத் தின்றுகொண்டு இராமல் சோறு சமைத்துச் சாப்பிடு. கதவைப் பூட்டிக்கொண்டு படு. மாதா உன்னைத் தன் முக்காட்டுக்குள்ளே வைத்துக் காப்பாற்றட்டும். பதில் போட மறவாதே. சித்தப்பாவும் ஒரு வரி எழுதவேண்டும் என்று பேனையைக் கேட்கிறார்.

உன் அன்பு
அம்மா

மரினா மகள், உம்மட பேச்சு நல்ல வடிவு. கன தரம் திரும்பத் திரும்பக் கேட்டனான். ஒண்டு மட்டும்தான் பிழை. அம்மாவில குற்றம் இல்லை, அவவுக்குத் தெரியாது. அது மெழுகில்லை. அண்டைக்கு என்ர வாயை ஏன் பொத்தினவர் எண்டு அப்பாவைக் கேளும்.

எமில் சித்தப்பா