ஒரு கரண்டி மருந்து

அன்புள்ள அக்கா,

அப்பாவின் வெடிமருந்துக் குழாயில், இருபது தோட்டா நிரப்பியபின் நிற்க வேண்டிய அளவென்று அவர் போட்டிருந்த பென்சில் கோட்டுக்கு ஒரு கரண்டி அளவு கீழே மருந்து இறங்கியிருந்ததை இன்று காலைதான் பார்த்தேன். அதற்குள் அவர் துப்பாக்கியோடு சுடுமைதானத்துக்குப் போய்விட்டார்.

அந்தப் பழைய வெட்டர்லித் துப்பாக்கிக்குக் கடையில் தோட்டா கிடைக்காது என்பது உனக்குத் தெரியும். பள்ளியை விட்ட நாளிலிருந்து, காலித் தோட்டாக் கூடுகளில் ஆளுக்கொரு கரண்டி மருந்து என்பதுபோல் கூட்டுக்கு ஒரு கரண்டி நிரப்புவது என் வேலை. முன்பு கரிமருந்து, இரண்டாவது கரண்டி போட்டால் வழிந்துவிடும். இந்த வருடத்துப் புது மருந்தில் ஒரு கரண்டிக்குப் பாதிக் கூடுகூட நிறைவதில்லை; இரண்டு விழுந்தாலும் வெளியே தெரியாது. நேற்று நிரப்பும்போது காஸ்பர் மாமா ஜன்னலில் எட்டிப்பார்த்து, "ஏய் ஊமைச்சி, உன் கல்யாணத்துலயாவது வாயத் திறப்பியா?" என்றார். வெட்கத்தில் தலை குனிந்தேன். திரும்ப எந்தக் கூட்டிலிருந்து தொடங்கினேனோ, நினைவில்லை. இருபது தோட்டாக்களில் ஏதோ ஒன்றில் இரட்டை மருந்து.

ஓடினேன். அப்பா படுத்தபடி கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் அழுத்தியிருந்தார். ஐந்து சுட்டுவிட்டார். குழல் வெடித்தால் அந்த முகம்... எழுதக் கை வரவில்லை, அக்கா.

"அப்பாவுக்கு ஏதோ சேதி கொண்டாந்திருக்கா. ஆனா சொல்லமாட்டா!" என்றார் காஸ்பர் மாமா. வரிசையில் நின்ற ஆண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

அங்கே குழந்தை 'நிறுத்து' என்று கத்தினாலும் எல்லாத் துப்பாக்கியும் கீழே போக வேண்டும். கத்தியவர் எல்லோர் முன்னாலும் காரணம் சொல்ல வேண்டும்.

அப்பா ஆறாவது தோட்டாவை உள்ளே தள்ளினார்.

நான் கத்தினேன்.

உன் தங்கை