பதினாறாம் தேதி வரை

ஜூன் 14, சனி

எனக்கு நாற்பத்துநான்கு வயது. இன்று காலை பத்தரை மணி ஒத்திகையில் மறுபடியும் பதினேழு வயதுப் பையனாகி, ஏணியில் ஏறி, ஒரு காலைத் தொங்கவிட்டுக்கொண்டு காதல் பாட்டு பாடினேன். மெஸ்ஸோ என்கிற நடுத்தரக் குரலோடு பிறந்தால் இதுதான் கதி. உச்சக் குரல்காரி அன்னெகிரெட்டுக்குக் காதல், காசநோய், அழகான சாவு. எனக்குப் பையன்கள், பணிப்பெண்கள், சூனியக்காரிகள். நாற்பத்துநான்கு வயதுப் பெண் என்று ஒருத்தி ஒபேராவில் கிடையவே கிடையாதா?

இயக்குநர் டோர்பென் கீழேயிருந்து கத்துகிறான்: "இன்னும் ஒரு படி மேல போங்க! பயம் தெரியணும்!"

"பயம் நல்லாவே தெரியுதுப்பா. மூச்சுதான் வரல" என்றேன். வாத்தியக்காரர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

ஜூன் 21

நேற்று முதல் காட்சி. பத்திரிகையில் என்னைப் பற்றி ஒரே ஒரு சொல்: "நம்பகமானவர்." பிரேக்கைப் பற்றி எழுதுவது மாதிரி.

ஜூன் 27, வெள்ளி

அலுவலகத்தில் கூப்பிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு கடிதம் கொடுத்தார்கள். ஜூலை ஒன்றாம் தேதி காலை ஒன்பதரைக்கு அரங்கின் தலைமை இயக்குநர் மால்ஹோவின் அறையில் "கலந்துரையாடல்". அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று வாசல் காவலருக்கும் தெரியும். ஒப்பந்தத்தை நீட்டிக்கப் போவதில்லை. வரப்போவது என் பதினைந்தாவது ஆண்டு. அதை முடித்துவிட்டால் விதிப்படி யாராலும் என்னை அசைக்க முடியாது. அதனால்தான் இப்போதே.

எக்கெஹார்ட் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "வெறும் சம்பிரதாயமா இருக்கும், ஃப்ரீடரிகே" என்றான்.

"உனக்கென்ன? வயோலாக்காரனை எவன் அனுப்புவான்? நீ வாசிக்கிறதே யாருக்கும் கேக்காது."

சொல்லியிருக்கக் கூடாது. பதினாறு வருடக் கணவன், எங்கள் வாத்தியக் குழுவிலேயே வாசிக்கிறவன். வாயில் ரொட்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

ஜூலை 1

"உங்க குரல்ல ஒரு குறையும் இல்ல, திருமதி லோசே."

"பின்ன?"

"அரங்குக்கு ஒரு புது நிறம் வேணும்."

"நிறமா? எதுக்கு, செவுத்துக்கு அடிக்கவா?"

மால்ஹோ எனக்குத் தண்ணீர் ஊற்றினார். கீல் நகரத்திலிருந்து இருபத்தெட்டு வயதில் ஒரு மெஸ்ஸோ வருகிறாளாம், கையெழுத்தே ஆகிவிட்டதாம். அவர் வாயிலிருந்தே நழுவி விழுந்தது. அப்படியானால் என்னோடு எதைக் கலந்து உரையாடினார்?

மொத்தம் பன்னிரண்டு நிமிடம். அங்கே அழவில்லை. வெளியே வந்து சைக்கிள் பூட்டு திறக்காமல் அழுதேன். பூட்டுக்காகத்தான்.

ஜூலை 2

குரல் பயிற்சி செய்யவில்லை. பதினான்கு ஆண்டில் இன்றுதான் முதல் தடவை.

ஜூலை 4

உணவகத்தில் ஹோல்கர் தன் உருளைக்கிழங்கு சூப்போடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். அடிக்குரல் பாடகர், எங்கள் சங்கப் பிரதிநிதி. "கடுதாசி என்னிக்குக் கைக்கு வந்துச்சு?"

"இருபத்தேழு."

விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். முகம் மலர்ந்தது. "அஞ்சு நாள் முன்னாடி குடுத்திருக்கணும். உனக்கு நாலு நாள்தான்! அந்தப் பேச்சே செல்லாது!"

"அப்ப இப்பவே போய்ச் சொல்லிடறேன்."

"சொன்னா நாளைக்கே புதுக் கடுதாசி குடுப்பான், பைத்தியமே. திரும்பக் கூப்பிட பதினாறாம் தேதி வரைக்கும் அவனுக்கு நேரம் இருக்கு. அது தாண்டிட்டா உன் ஒப்பந்தம் தானா தொடரும். அதுவரைக்கும் வாயத் திறக்காத."

பாடகியிடம் சொல்லும் யோசனையா இது!

ஜூலை 8

எல்லோரும் துக்கம் விசாரிக்கிறார்கள். அன்னெகிரெட் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நீ பாட்டு சொல்லித்தரலாமேடி, உனக்குத்தான் பொறுமை ஜாஸ்தி" என்றாள். பொறுமையா? எனக்கா?

உடை மாட்டிவிடும் திருமதி சோக்கே என் கால்சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே அழுதாள். "எங்க போனாலும் நல்லா சாப்பிடு, பொண்ணே." இதைத்தான் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொல்ல நாக்கு துடித்தது. விழுங்கினேன்.

ஜூலை 12, சனி

கடைசிக் காட்சி. ஏணியில் ஏறவில்லை. யோசித்துச் செய்ததில்லை, கால் போகவில்லை, அவ்வளவுதான். மேடை முனைக்கு வந்து தரையில் நின்று பாடினேன். இசைநடத்துநர் வெண்டலின் நிமிர்ந்து பார்த்தார், கையைத் தாழ்த்தினார், எனக்காகக் காத்திருந்தார். கடைசி வரியை மெல்ல, மிக மெல்ல எடுத்தேன். அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை.

நான் இப்படிப் பாடியதே இல்லை. ஏன்? போகிறாள் என்று எல்லோரும் நினைத்ததாலா? போனாலும் பரவாயில்லை என்று எனக்கே தோன்றியதாலா?

பிறகு மால்ஹோ பூங்கொத்தோடு மேடையேறி வழியனுப்பு உரை நிகழ்த்தினார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நான் திருடி மாதிரி பூவை வாங்கிக்கொண்டு நின்றேன். பின்னால் ஹோல்கர் ஒட்டுத்தாடிக்குள் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டிருந்தார்.

ஜூலை 17

பதினாறு தாண்டிவிட்டது. எதிர்ப்புக் கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்து முத்திரை வாங்கினேன். செயலர் தேதிகளைப் பார்த்தாள். நாட்காட்டியைப் பார்த்தாள். "ஐயோ" என்றாள்.

ஜூலை 25

இரண்டு வரிப் பதில். ஒப்பந்தம் தொடர்கிறது.

எக்கெஹார்ட் ஒயின் திறந்தான். நான் கோப்பையைத் தள்ளிவைத்தேன். "நாட்காட்டி காப்பாத்திச்சு. என் குரல் இல்ல."

"உன்ன அனுப்பப் பார்த்ததும் குரலுக்காக இல்லையே" என்றான்.

கோப்பையை இழுத்துக்கொண்டேன். குடித்தேன். அன்றைக்கு வயோலாவைப் பற்றிச் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

செப்டம்பர் 2

புது ஆண்டின் முதல் ஒத்திகை. ஒரு மெஸ்ஸோ இருந்த இடத்தில் இரண்டு பேர். கீல்காரியின் பெயர் வீப்கே. பியானோவுக்குப் பக்கத்தில், எனக்கு அடுத்த நாற்காலி. கை கொடுத்தாள்.

"உங்க இடத்துக்குத்தான் என்ன எடுத்தாங்களாம். சத்தியமா எனக்குத் தெரியாதுங்க."

"சரி, உட்காரு."

மால்ஹோ வேடங்களைப் பிரித்திருக்கிறார்: அவள் இளவரசன், நான் அவனுடைய தாய். முதல் அங்கத்திலேயே நாங்கள் சேர்ந்து பாட வேண்டும். அவள் தொடங்கினாள். அடியில் இருட்டு தங்கிய குரல், அவசரமே இல்லை. குறை கண்டுபிடிக்கத்தான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எரிச்சலாக இருக்கிறது, ஒன்றும் அகப்படவில்லை. நான் சேர வேண்டிய இடம் வந்தது, போனது. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன்.

வெண்டலின் கையை நிறுத்தினார். "ஃப்ரீடரிகே?"

"மன்னிக்கணும். இவள மொதல்லேர்ந்து பாடச் சொல்லுங்க" என்றேன்.