மூடி ஓரத்துச் சிவப்பு

அன்புள்ள வாயாடிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். அப்பாவும் நீயும் நலமாக இருக்க வேண்டும். இந்தத் தடவை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

அப்பாவின் மூட்டு வலிக்கு நான் அனுப்பிய ஊசி மருந்துக் குப்பிகளின் மூடி ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது, உன் உதட்டுச்சாயமா என்று நேற்று போனில் கேலி செய்தாயே? நானும் சிரித்து மழுப்பி, மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். அந்தப் போன் எங்கள் மருந்துக் கம்பெனி கொடுத்தது. போன மாதம் உன்னிடம் பேசியதை மேலாளர் மறுநாளே என்னிடம் திருப்பிச் சொன்னார். அதனால்தான் பஸ் ஓட்டும் பக்கத்து வீட்டு அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அப்படி என்னதான் வேலை என்று கேட்டுக்கொண்டே இருப்பாய். சும்மா பார்ப்பதுதான், போ! கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பலகை, மேலே விளக்கு. குப்பியை அதன் முன்னால் மெல்லச் சுழற்றிப் பார்க்க வேண்டும். உள்ளே தூசியோ துணுக்கோ தெரிந்தால் மூடியில் சிவப்பு மையால் ஒரு பொட்டு வைத்து ஒதுக்கிவிடுவோம். பொட்டு வைத்ததை உடைத்துப் போட்டுவிடுவார்கள் என்றுதான் நம்பியிருந்தேன்.

இந்த முறை வந்த மருந்தில் மினுமினுவென்று கண்ணாடிச் செதில்கள். குப்பியின் உட்புறமே உரிகிறது. எதிர் மேசைக்காரியும் நானும் தட்டுத் தட்டாகப் பொட்டு வைத்தோம். சில நாளில் அதே குப்பிகள் புதுச் சரக்கு மாதிரி எங்கள் மேசைக்கே வந்தன. பொட்டை ஸ்பிரிட்டால் துடைத்திருந்தார்கள். மூடி விளிம்பில் மட்டும் கறை போகவில்லை.

அவளும் உன்னை மாதிரிதான், மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது. நேரே மேலாளரிடம் போய்க் கேட்டாள். அவர் கோபப்படவே இல்லை. பாவம், கண் சோர்ந்துவிட்டது என்று சொல்லி, கம்பெனி டாக்டரிடம் காரில் அனுப்பினார். அவளுக்குப் பார்வைக் கோளாறு என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார்கள். பிறகு அவள் வரவில்லை. வீடும் பூட்டிக் கிடக்கிறது. அவள் ஒதுக்கிய தட்டுகள் எல்லாம் லாரி ஏறிவிட்டன.

ஊழியர்களுக்கு இலவசப் பெட்டி கொடுத்தபோது வாயெல்லாம் பல்லாக வாங்கி அப்பாவுக்கு அனுப்பினேன். நாள் முழுக்கப் பார்ப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள், வீட்டுக்கு அனுப்பியதைப் பார்க்கவில்லை.

இதைப் படித்ததும் அந்த ஊசியை நிறுத்திவிடு. மகளுடைய கம்பெனி மருந்து என்று அப்பா அடம் பிடிப்பார். பழியை என்மேல் போடு. ஏற்கெனவே ஒன்று போட்டாயிற்று என்றாயே, அதை அங்கே நல்ல டாக்டராகப் பார்த்துச் சொல். குப்பிகளைத் தூக்கி எறியாதே. கறையைத் துடைக்காதே.

இன்று மேலாளர் என் மேசைக்கு வந்து, கண் சிவந்திருக்கிறதே அம்மா என்று அக்கறையாக விசாரித்தார். நாளை காலை எனக்குக் கார் வருகிறது. போகமாட்டேன் என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும். அக்காவுக்குப் பார்வை சரியில்லையாம் என்று யாராவது வந்து சொன்னால் நம்பாதே. இதை எழுத உட்காரும் முன் ஊசியில் நூல் கோத்துப் பார்த்தேன். ஒரே தடவையில் கோத்துவிட்டேன்.

என்றும் உன்,
அக்கா