யாளியின் பின்னங்கால்

பரவை,
18-4-88, திங்கள் இரவு.

அன்பு மகன் முத்திருளனுக்கு அம்மா எழுதுவது. ஊரடங்கிய இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள், எழுத்து கோணலாகப் போனால் தூக்கக் கலக்கம் என்று எண்ணிக்கொள். விடிந்தால் காளை மாமா காய்கறி லாரியை மெட்ராசுக்கு எடுத்துவிடுவார், அவரிடம் ஒரு மூட்டையும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்ப வேண்டும், மூட்டை இப்போதுதான் காய்ந்து கட்டி முடிந்தது. இங்கே அப்பா, நான், உன் தங்கை பாண்டி மூவரும் நலம், கண்மாயில் தண்ணீர் வற்றிவிட்டது, வெயில் கொளுத்துகிறது, ஆனால் நாங்கள் நிழலில் இருக்கிறவர்கள், இந்த வெயிலில் மிருகத்தின் தோலுக்குள் புகுந்து வேலை பார்க்கிற நீ நலமா என்பதுதான் எனக்கு ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. உங்கள் டிவி நாடகத்துக்கு நேயர்கள் எழுதிய கடிதங்களை டைரக்டர் எல்லாரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டினார் என்றும், அதிலே பரவையிலிருந்து வந்ததுதான் ரொம்பக் காரம் என்றும், ‘வெண்கலக் காடு கதைக்கு உயிரே குமுறன் என்ற யாளிதான், அதைப் போர்வை போர்த்திய கட்டிலாக்கிவிட்டீர்கள், பிடரி மயிருக்குத் தேங்காய் நாரை ஒட்டியிருக்கிறீர்கள், தயவுசெய்து இனிமேல் அதைக் காட்டவே வேண்டாம்’ என்று எழுதிக் கீழே சி. பாண்டியம்மாளும் தோழிகளும் என்று போட்டிருந்தது என்றும், எல்லாரும் சிரித்தபோது நீயும் சேர்ந்து சிரித்தாய் என்றும் எழுதியிருந்தாய். அந்த ‘சேர்ந்து சிரித்தேன்’ என்ற இடத்தைத் தாண்டி என்னால் வாசிக்க முடியவில்லை, அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. குமுறன் காட்டுக்குத் திரும்பிப் போய்விட்டான் என்று யாராவது ஒருவர் வாயால் சொல்லவைத்து யாளியை முடித்துவிடலாமா என்று டைரக்டர் யோசிக்கிறார், ஆற்றின் அக்கரைக் காட்சி எடுக்கிற வெள்ளிக்கிழமைக்குள் முடிவு தெரியும், யாளி போனால் நானும் பெட்டியைக் கட்டிவிடுவேன், முகமும் தெரியாத பெயரும் தெரியாத வேலைக்கு அப்பாவிடம் ஏன் இத்தனை பகை என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் எழுதத்தான் இந்தக் கடிதம், நீ கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாமல் நான் சுற்றி வளைத்தால் பொறுமையாகப் படி.

முதலில் பாண்டி மேல் கோபப்படாதே. பொங்கலுக்கு வந்துவிட்டுப் போகும்போது பஸ் ஸ்டாண்டில் வைத்து, யாளிக்குள்ள ரெண்டு பேரும்மா, முன்னாடி மேலூர் உக்கிரபாண்டி அண்ணன், பின்னாடி நான், அப்பாவுக்கும் பாண்டிக்கும் தெரியவேண்டாம் என்று என் கையைப் பிடித்துச் சொன்னாயே, நான் இந்த நிமிஷம் வரை, இல்லை, போன செவ்வாய்க்கிழமை வரை மூச்சு விடவில்லை. அவள் எழுதினது தன் அண்ணனைப் பற்றி என்று அவளுக்குத் தெரியாது. நீங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அந்தக் கதை பத்திரிகையில் வாராவாரம் வந்தது, வாசித்துக் காட்டாமல் சோறு இறங்காது உங்களுக்கு, நான்தான் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து மூன்று பாகமாகப் பைண்டு பண்ணினேன், இப்போது டிவியில் நாடகமாக வருகிறது என்றதும் அவள் தலைகால் தெரியாமல் ஆடினாள். பரீட்சை வருகிறது, பாடப் புத்தகத்தைத் தொடுகிறாளா என்றால் இல்லை, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆனால் அந்த பைண்டு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தோழிகளோடு ராமக்காள் அத்தை வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்து, பரீட்சை ஹாலில் சூப்பர்வைசர் பார்க்கிற மாதிரி வரிக்கு வரி விரல் வைத்துப் பார்ப்பாள். இளவரசி கட்டியிருப்பது நைலெக்ஸ் சேலையா, வெண்கல மரம் அட்டையா, எல்லாம் அவளுக்கு ஆகாது. எனக்கும் முதல் வாரம் சப்பென்றுதான் இருந்தது, உன்னிடம் மறைப்பானேன், காற்றடித்தால் காடே மணியாக ஒலிக்கும் என்று கதையில் வாசித்துவிட்டு, டிவியில் யாரோ எவர்சில்வர் தட்டைத் தட்டுகிற சத்தம் கேட்டால் எப்படி இருக்கும்.

ஆனால் கதையை வாசிக்காதவர்கள் பாடு வேறு. பால் ஊற்றுகிற மொக்கையன் சித்தப்பா கேனைக்கூடக் கழுவாமல் வந்து ஜன்னலில் நிற்பார், அவருக்கு உன் யாளி என்றால் உயிர். ஏத்தா பாண்டி, புத்தகத்தை மூடிட்டுப் பொட்டியப் பாரு, புத்தகத்துல இருக்கது எங்க போயிரப் போகுது என்பார். ரெண்டாம் பாகத்துல குமுறன் ஒரே தாவுல ஆத்தைத் தாண்டும் சித்தப்பா, இங்க என்னடான்னா பொடிநடையாப் போகுது என்று இவள் சண்டைக்குப் போவாள். அம்புட்டுப் பெரிய மிருகம் தாவுனா கால் ஒடிஞ்சுல்ல போகும், நடந்துதேன் வரும், ஒனக்கென்ன அவசரம் என்று அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். மதுரைப் புது மண்டபத்துத் தூணில் யாளி எப்படி நிற்கிறது, இது எப்படி நிற்கிறது என்று ஒரு தோழி ஆரம்பிப்பாள், அந்தத் தூணு யாளியை ஒரு எட்டு நடக்கச் சொல்லு பாப்போம் என்று சித்தப்பா மடக்குவார். இன்னொரு சத்தம் வந்துச்சு பொட்டியை அணைச்சுப்புடுவேன் என்று ராமக்காள் அத்தை அதட்டினால்தான் அடங்கும். இத்தனைக்கும் நடுவில் நான் வாயை மூடிக்கொண்டு இரண்டு பின்னங்காலை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்பாவும் வருவார், ஆனால் உனக்குத்தான் தெரியுமே, நீ பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுப் போனதிலிருந்து மெட்ராஸ் என்று எழுதியிருந்தாலே பார்க்கமாட்டார், டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பார்.

போன செவ்வாய்க்கிழமை ஆற்றுக் காட்சி வந்தது. காயம்பட்ட இளவரசியை முதுகில் ஏற்றிக்கொண்டு குமுறன் தண்ணீரில் இறங்குகிற இடம். முன்னங்கால் ஒரு பக்கம் போகிறது, பின்பக்கம் இழுக்கிறது, நடுவிலே தோல் சுருங்கித் தொங்குகிறது, பிள்ளைகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள், பாண்டியும்தான். என்னத்தடி இம்புட்டுச் சிரிப்பு என்று அப்பா ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அப்போது அந்த இடது பின்னங்கால் தண்ணீரில் வைக்கப் பயந்த மாதிரி முதலில் விரல் நுனியால் தொட்டு, கொஞ்சம் வெளிப்பக்கமாக மடங்கி, பிறகுதான் குதிகாலை ஊன்றியது. அப்பா எழுந்துவிட்டார். அண்ணே மறைக்காதீக என்று ராமக்காள் அத்தை சொன்னது அவர் காதில் விழவில்லை. டிவிக்குக் கிட்டப் போய் நின்றுகொண்டு, ஏ புள்ள, அந்தப் பின்னங்கால் யாருது என்று என்னைக் கேட்டார். நான் வாயெடுக்குமுன் அவரே சொன்னார், நம்ம பயதான அது.

யாளி நடு ஆற்றில் நிற்கும்போது, இரண்டு வாரம் கழித்துத் தொடரும் என்று போட்டுவிட்டார்கள். மொக்கையன் சித்தப்பாதான், அடப் பாவிகளா, நம்ம வீட்டு மிருகத்தையா இம்புட்டு நாளா வஞ்சுக்கிட்டு இருந்தீக என்று ஜன்னல் வழியாகக் கேட்டார், முன்னாடியே சொல்லியிருந்தா நான் பொட்டிக்குச் சூடம் காட்டியிருப்பேன்ல என்றாள் ராமக்காள் அத்தை. எல்லாரும் சிரித்தார்கள், பாண்டி மட்டும் புத்தகத்தை மூடி மார்பில் அணைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டாள். அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்று நீ யோசிப்பாய், நானும் யோசித்து அன்று சாப்பிடும்போது கேட்டேன். ஆறாம் வகுப்பில் வண்டிச் சக்கரம் உன் இடது பாதத்தில் ஏறி, கட்டுப் பிரித்த பிறகும் நீ காலை ஊன்றப் பயந்தாயே, மில்லிலிருந்து வந்ததும் உன் இடுப்பில் துண்டைக் கட்டி இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு கண்மாய்க் கரையில் உன் பின்னாலேயே நடந்தது அவர்தானே. அவன் மூஞ்சியைக் காட்டிலும் அவன் காலைப் பின்னாடி நின்னு பாத்ததுதான் எனக்கு ஜாஸ்தி என்றார். கை கழுவிவிட்டு வந்து, உள்ள காத்து வருமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். வரும் என்றுதான் சொல்லியிருக்கிறேன், நிஜமாக வருகிறதா எழுது.

அதற்கப்புறம்தான் வியாழக்கிழமை உன் கடிதம். மறைக்க இனி ஒன்றுமில்லை என்று இரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டினேன். பாண்டி அழுத அழுகை சொல்லி முடியாது, உடனே தாளை எடுத்து யாளி பிரமாதம் என்று எழுத உட்கார்ந்தாள், நான் பிடுங்கி வைத்தேன். அண்ணன் என்பதற்காகத் தூக்கி எழுதினால் அது அவனுக்கும் மரியாதை இல்லை, அந்தக் கதைக்கும் மரியாதை இல்லை, உனக்கு என்ன தோன்றியதோ அதை எழுது என்றேன். ராத்திரி முழுக்க யோசித்தாள் போல, காலையில் வந்து, அம்மா, அந்தக் கால் தண்ணிக்குள்ள போனப்ப நெசமாவே எனக்கு நெஞ்சு பதறுச்சு, எல்லாரும் சிரிக்கவும் நானும் சிரிச்சுட்டேன் என்றாள். அதையே எழுதியிருக்கிறாள். தோல் மோசம், பிடரி அதைவிட மோசம், ஆனால் ஆற்றில் இறங்கத் தயங்குகிற அந்த நடை கதையில்கூட இல்லை, கதையில் குமுறனுக்குப் பயமே கிடையாது, பயந்துகொண்டே இறங்குகிற யாளிதான் எங்களுக்கு வேண்டும், அக்கரை சேருகிறதைக் காட்டாமல் விட்டுவிடாதீர்கள் என்று எழுதித் தோழிகளிடம் கொண்டுபோனாள். இரண்டு பேர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள், போர்வை போர்வைதான் என்று. மற்றவர்கள் போட்டார்கள். மொக்கையன் சித்தப்பா யாரும் கேட்காமலே தானும் போட்டார். டைரக்டருக்குத் தபாலில் சனிக்கிழமையே போய்விட்டது.

அப்பாவோ வியாழக்கிழமை உன் கடிதத்தைக் கேட்டதும், அப்ப ஆத்தைத் தாண்டாமயே விட்டுருவாங்களா என்று மட்டும் கேட்டுவிட்டு, மறுநாள் ஷிப்டை மாற்றிக்கொண்டு உசிலம்பட்டிக்குப் பஸ் ஏறினார். சாயங்காலம் தலையில் ஒரு கட்டுக் கத்தாழை நாரோடு வந்து இறங்குகிறார். தேங்கா நாரு வெறைச்சுக்கிட்டு நிக்கும், இதுன்னா காத்துல அலையும் என்று சொல்லிக்கொண்டே அண்டாவில் ஊறப்போட்டார். பிடரிக்கு என்ன நிறம் என்று கேட்டதும் பாண்டி இரண்டாம் பாகத்தைத் திறந்து, உலையில் பழுத்த செம்பு நிறம் என்று வாசித்தாள், அந்த நிறம் வருகிற வரை சாயப்பொடி வாங்கி வாங்கி முக்கினோம். முதல் தடவை கத்தரிக்காய் நிறம் வந்து மூன்று பேரும் தலையில் கை வைத்து உட்கார்ந்தோம். வாசலில் கொடி கட்டிக் காயப்போட்டால் போகிறவர் வருகிறவர் எல்லாம் என்ன விசேஷம் என்று கேட்க, அப்பா நிமிர்ந்து பார்க்காமல், மகன் யாளிக்குள்ள இருக்கான், அதுக்குப் பிடரி என்றார். நீ மெட்ராஸ் போன பிறகு வெளியாள் முன்னால் மகன் என்று அவர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். பாண்டியின் சீப்பால் சிக்கெடுத்தோம், சீப்பில் பாதிப் பல் போயிற்று, அவள் முணுமுணுக்கக்கூட இல்லை. என் கை இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது, இந்தத் தாளின் ஓரத்தில் உள்ள கறை அதுதான், ரத்தம் என்று பயந்துவிடாதே.

மூட்டையில் இருப்பது அந்தப் பிடரிதான். தைக்கிறவரிடம் கொடுத்து மேலிருந்து கீழாக ஒட்டச் சொல், அடியிலிருந்து ஒட்டினால் நிமிர்ந்து நிற்கும் என்று அப்பா சொல்கிறார். டைரக்டர் வைத்துக்கொள்வாரா, இவர்கள் யார் எனக்குப் பிடரி அனுப்ப என்று தூக்கிப் போடுவாரா, எனக்குத் தெரியாது. ஆனாலும் கொண்டுபோய்க் கொடு, வெட்கப்படாதே. வேலையை விட்டு வருவதைப் பற்றிக் கேட்டிருந்தாயே, அதற்கு அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், வரணும்னா வரட்டும், வீடு எங்கயும் போகல, ஆனா அந்தப் பிள்ளைய அக்கரையில எறக்கிவிட்டுட்டு வரட்டும், நடு ஆத்துல விட்டுட்டு வந்தான்னு இருக்கக்கூடாது. என் எண்ணமும் அதுதான். உடம்புக்கு முடியவில்லை என்றால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காமல் வந்துவிடு, அதிலே யாருக்கும் குறைவு இல்லை.

தோலுக்குள் போகுமுன் பருத்தி பனியன் போட்டுக்கொள், வெளியே வந்த வேர்வையோடு மின்விசிறிக்குக் கீழே நிற்காதே, மோர் குடி, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. உக்கிரபாண்டி அண்ணனை நான் மிகவும் கேட்டதாகச் சொல், அப்படியே உள்ளே இருக்கும்போது பீடி பிடிக்க வேண்டாம் என்றும் பக்குவமாகச் சொல். சித்திரைத் திருவிழாவுக்கு லீவு கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதே, அழகர் ஆற்றில் இறங்கும்போது உனக்கும் சேர்த்து நான் கும்பிட்டுக்கொள்கிறேன். கருப்பசாமி உன் காலுக்குத் துணை நிற்கட்டும், வைத்த அடி வழுக்காமல் நீ நூறு வயது நடக்க வேண்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா முத்துத்தாய்.

பி.கு: அப்பா தூங்கிவிட்டார் என்று நினைத்து எழுதிக்கொண்டிருந்தேன், இப்போது எழுந்து வந்து, அந்த ஆத்துல தண்ணி எம்புட்டு ஆழம்னு கேட்டு எழுது என்கிறார். பிடரி பொருந்தியதா, வெள்ளிக்கிழமை ஆற்றைத் தாண்டினீர்களா என்று அவர் பெயருக்கே தனியாக ஒரு கார்டு போடு. சீக்கிரம் பதில் எழுது.